ரோஸ்மேரியை நம்ம ஊர்ச் சமையலில் எப்படிச் சேர்ப்பது? திருநெல்வேலிப் பக்கத்தில் யாராவது சமைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

பாளை மாடிவீடு:

வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ரோஸ்மேரிச் செடி ஒன்று ஒன்றரை வருடமாக நிற்கிறது. தலைமுடிக்கு நல்லது என்று மகள் வாங்கி வைத்தது. அவள் படிப்புக்காக விடுதிக்குப் போன பிறகு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். துணி காயப்போடும் கொடிக்கு அடியில் தொட்டி இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் சேலை உரசி, சாயங்காலம் வரை முந்தானையில் அந்த வாசம் நிற்கும். இவ்வளவு வாசமான தழையைத் தலைக்குத் தேய்த்து மட்டும் முடித்துவிட மனம் வரவில்லை.

மூன்று தடவை சமைத்துப் பார்த்தேன். முதலில் ரசத்தில், கறிவேப்பிலைக்குப் பதிலாக. குடிக்க முடியவில்லை. அடுத்து கோழிக் குழம்பில் இரண்டு கொத்து. மசாலாவுக்குள் வாசம் எங்கே போனது என்றே தெரியவில்லை, ஊசி ஊசியாகப் பல்லிடுக்கில் மாட்டியதுதான் மிச்சம். மூன்றாவது சொதியில். அதுதான் இன்றும் மனசு ஆறவில்லை. முதல் பால் ஊற்றி இறக்கும்போது ஒரு கொத்தைக் கிள்ளிப் போட்டு மூடிவைத்தேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் பாசிப்பருப்பு வாசம், இஞ்சி வாசம், தேங்காய்ப்பால் வாசம் எதுவுமே இல்லை. எங்கள் அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "யாருக்கு மார்ச்சளி?" என்று கேட்டார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற பதார்த்தம் அது. அதைப் போய்க் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது.

இது எதோடு சேரும், எவ்வளவு போட வேண்டும், எப்போது போட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தலைக்கு என்று விற்கிற காய்ந்த ரோஸ்மேரிப் பாக்கெட்டும் வீட்டில் இருக்கிறது. அதைச் சமையலுக்கு எடுக்கலாமா?

தென்காசிச் சாரல்:

அக்கா, எனக்கு இது தைலமர வாசம்தான். ஊருக்கு வந்திருந்த தம்பி ஒருநாள் ரொட்டியில் போட்டுக் கொடுத்தான், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நமக்குக் கறிவேப்பிலை, மல்லி, புதினா இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றுகிறது. பிடித்தவர்கள் சாப்பிடட்டும்.

உவரிக்காரன்:

தங்கச்சி, நான் 22 வருடம் கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு இப்போது உவரியில் இருக்கிறேன். மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் இந்தச் செடியை வேலி மாதிரி வளர்த்திருப்பார்கள். பிறந்த மண்ணே அதுதான். பாறை, உப்புக் காற்று, நல்ல வெயில், குறைவான தண்ணீர். எனக்கு இதைப் பழக்கியது எங்கள் கப்பலில் இருந்த இத்தாலிக்காரத் தலைமைச் சமையல்காரர். அவரிடம் நான் செய்த முதல் தப்பும் நீங்கள் செய்ததேதான். கறிவேப்பிலை மாதிரி அள்ளிப் போட்டேன்.

ரோஸ்மேரியைக் கறிவேப்பிலை என்று நினைக்காதீர்கள், பட்டை கிராம்பு என்று நினையுங்கள். கறிவேப்பிலை ஒரு கைப்பிடி கூடினாலும் குழம்பு கெடாது. கிராம்பு இரண்டு கூடினால்? அந்தக் கணக்குத்தான். நான்கு பேர் சாப்பிடும் பதார்த்தத்துக்கு ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு கொத்து, மிஞ்சினால் இரண்டு. காய்ந்தது என்றால் பச்சையில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

அடுத்து, இது தண்ணீருக்கான தழை இல்லை, எண்ணெய்க்கானது. ரசத்தில் போட்டால் கசப்பும் துவர்ப்பும் இறங்கும், நல்ல வாசம் ஆவியோடு போய்விடும். எண்ணெயில் போட்டால் வாசம் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மல்லித்தழை மாதிரி இறக்கும்போது தூவுகிற வேலையும் கூடாது. முதலிலேயே போய்விட வேண்டும்.

நாளைக்கே உருளைக்கிழங்கில் செய்து பாருங்கள். அரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, பெரிய துண்டுகளாக்கி, உப்புத் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேக வையுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, மூடி போட்டு பாத்திரத்தை நாலு குலுக்குக் குலுக்குங்கள். ஓரமெல்லாம் பொடிந்து மாவு மாதிரி ஆகும். அதுதான் பிறகு மொறுமொறுப்பாகும். இரும்புச் சட்டியில் மூன்று கரண்டி கடலை எண்ணெய். எண்ணெய் காய்வதற்கு முன்பே, வெதுவெதுப்பாக இருக்கும்போதே, கொத்தைப் போட்டுத் தீயைக் குறையுங்கள். சடசடவென்று சத்தம் வரும். இலையில் இருக்கிற தண்ணீர் போகிற சத்தம் அது. சத்தம் அடங்கி, இலை கரும்பச்சையாக விறைக்கும் அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். பழுப்பேறினால் கசந்துவிடும். அந்த எண்ணெயில் நசுக்கிய பூண்டு நாலு பல்லும் கிழங்கும் போட்டு, அடிக்கடி கிண்டாமல், பக்கத்துக்குப் பக்கம் சிவக்க விடுங்கள். எடுத்து வைத்த கொத்திலிருந்து இலையை உருவிக் கல்லுப்போடு சேர்த்து உள்ளங்கையில் நொறுக்கினால் தூளாகிவிடும். இறக்கியதும் அதைத் தூவுங்கள். பல்லிடுக்குப் பிரச்சினையே வராது.

சொதியில் வேண்டாம், நம் மசாலாவோடும் இது சேராது. ஆனால் சொதிக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வைப்போமே, அதில் போட்டுப் பாருங்கள்.

வேதியியல் வாத்தியார், சங்கரன்கோவில்:

தென்காசிச் சாரல் அவர்களின் மூக்கு பொய் சொல்லவில்லை. தைலமர எண்ணெயில் முக்கியமாக இருக்கும் சினியோல் என்ற பொருள் ரோஸ்மேரியிலும் இருக்கிறது. கூடவே கற்பூரமும், பைன் மர வாசம் தரும் பைனீனும் உண்டு. ஆனால் அதே சினியோல் ஏலக்காயிலும் நிறைய இருக்கிறது. ஏலத்தில் இனிப்பான வேறு வாசங்கள் கலந்திருப்பதால் நமக்குப் பாயசம் நினைவு வருகிறது. ரோஸ்மேரியில் பக்கத்தில் கற்பூரம் நிற்பதால் தைலப் புட்டி நினைவு வருகிறது. கொஞ்சமாகப் போட்டு எண்ணெயில் பக்குவப்படுத்தினால் அந்தத் தைல முனை மழுங்கும். உவரிக்காரர் சொன்ன அளவுதான் இதற்கும் பதில். இந்த வாசப் பொருள்கள் தண்ணீரில் சரியாகக் கரையாதவை, எண்ணெயில் நன்றாகக் கரைபவை.

ரோஸ்மேரி என்பதை ரோஜா, மேரி என்று பலரும் பிரித்துச் சொல்கிறார்கள். பெயரின் மூலம் லத்தீன். 'ரோஸ்' என்றால் பனித்துளி, 'மரினுஸ்' என்றால் கடலுக்குரியது. கடற்பனி என்று சொல்லலாம். நம்மிடம் இதற்குப் பழைய தமிழ்ப் பெயர் கிடையாது. பூக்கடையில் விற்கும் மரிக்கொழுந்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, அது வேறு குடும்பம். தாவரவியலில் ரோஸ்மரினுஸ் என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். 2017-இல் அதை சால்வியா பேரினத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

குடும்பம் என்று பார்த்தால் துளசி, புதினா, கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை எல்லாமே இதற்குச் சொந்தம். இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம் சிறுகிழங்கும் இதே குடும்பம்தான். அதன் இலையைக் கசக்கி மோந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பாளை மாடிவீடு:

சிறுகிழங்கா! எங்கள் பிறந்த வீடு பாவூர்சத்திரம் பக்கம். பொங்கலுக்குச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் எடுப்போம். இரண்டு நாளைக்குக் கையில் கறை போகாது. வயலில் அந்த இலை வாசம் சின்ன வயதிலிருந்தே தெரியும், ஆனால் இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றியதே இல்லை. சீசன் வந்ததும் கண்டிப்பாகச் செய்துவிட்டு எழுதுகிறேன்.

அண்ணாச்சி சொன்ன உருளைக்கிழங்கு நேற்றுச் செய்தேன். முதல் கொத்தைக் கருக்கிவிட்டேன், நீங்கள் சொன்ன கசப்பு அப்படியே தெரிந்தது. எண்ணெயை மாற்றித் திரும்ப ஆரம்பித்தேன். இரண்டாவது தடவை சத்தம் அடங்கியவுடன் எடுத்தேன். வீடு முழுக்க வாசம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நெல்லை மருந்தாளுநர்:

பாக்கெட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

தலைக்கு என்று விற்பது உணவுக்காகச் சுத்தம் பார்த்துக் காயவைத்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. உணவுப்பொருளுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் பாக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது தலைக்கு மட்டும் போகட்டும். மாடியில் பச்சையாகவே இருக்கும்போது கவலை எதற்கு? வாங்கி வந்த புதிதில் நர்சரியில் என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாததால் இரண்டு மூன்று மாதம் விட்டு, புதிதாக வந்த துளிரைச் சமையலுக்கு எடுப்பது நல்லது. உங்கள் செடிக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, பயமில்லை.

சின்னப் புட்டியில் சொட்டு எண்ணெயாக விற்கும் ரோஸ்மேரி ஆயிலை ஒருபோதும் சாப்பாட்டில் விடக் கூடாது. அது இலையைக் காய்ச்சி வடித்த செறிவு. கற்பூரமும் அதில் சேர்ந்தே செறிந்திருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது. வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. சமையலில் ஒரு கொத்து போடுவதையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். கர்ப்பிணிகள் சாப்பாட்டு அளவுக்குச் சேர்க்கலாம், கஷாயம் மாதிரி நிறையக் குடிப்பது வேண்டாம்.

இன்னொன்று. பச்சை ரோஸ்மேரியையும் பூண்டையும் எண்ணெயில் ஊறப்போட்டு அழகாகப் புட்டியில் அடைத்து அடுப்படி மேடையில் வைக்கிற வழக்கம் வந்திருக்கிறது. செய்யாதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் ஈரமான தழை இருந்தால் பாட்டுலிசம் என்ற கடும் நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. வாசம் மாறாது, பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள். மீந்தால் வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

மேலப்பாளையம் அடுப்படி:

ஆட்டுக்கறியைப் பற்றி இதுவரை யாருமே பேசவில்லை. ரோஸ்மேரிக்கு முதல் ஜோடியே ஆட்டுக்கறிதான். கொழுப்புள்ள கறிக்கு இந்த வாசம் அப்படிப் பொருந்தும்.

ஒரு கிலோ நெஞ்செலும்புத் துண்டு. உப்பு, தட்டிய பூண்டு ஒரு முழுக் கட்டி, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஒரு மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய ரோஸ்மேரி இரண்டு தேக்கரண்டி, அரை மூடி எலுமிச்சம்பழம். பிசைந்து மூன்று மணி நேரம் ஊறட்டும். குக்கரில் கால் தம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு வேகவைத்து, திறந்து தண்ணீரை வற்றவிட்டு, கறியின் கொழுப்பிலேயே இரும்புச் சட்டியில் சிவக்க வறுக்க வேண்டும். மல்லிப்பொடி கிடையாது, மிளகாய்ப்பொடி கிடையாது, தேங்காய் கிடையாது. என் மாமியார் முதலில், "மசாலா இல்லாத கறியா?" என்றார்கள். இப்போது பெருநாளுக்கு இரண்டாவது நாள் இதுதான் வேண்டும் என்கிறார்கள்.

கறிக்குழம்பில் போடுவது மட்டும் வேண்டாம். ஒருமுறை ஓர் உணவகத்தில் பட்டை, சோம்பு, தேங்காய் எல்லாம் அரைத்துவிட்ட குழம்பின் மேல் முழுக் கொத்தைக் கருக்கிச் செருகிக் கொண்டுவந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. சாப்பிட்டபோது குழம்பும் கெட்டது, கொத்தும் வீணானது.

தென்காசிச் சாரல்:

உவரிக்கார அண்ணாச்சி, ஒரு மாற்றுக் கருத்து. மசாலாவோடு சேரவே சேராது என்று எடுத்துக்கொள்ள முடியாது போலிருக்கிறது. இந்த இழையைப் படித்துவிட்டு, பிடிக்காத நானே தம்பி விட்டுப்போன செடியில் ஒரு கொத்துக் கிள்ளி மிளகுக் கோழியில் போட்டேன். செங்கோட்டைப் பக்கம் பரோட்டாக் கடைகளில் பொரிப்பது மாதிரி மிளகு தூக்கலாக. சோம்பு போடவில்லை. கறிவேப்பிலையும் போட்டேன், இதையும் போட்டேன். சண்டை போடவில்லை. மிளகின் காரத்துக்குப் பின்னால் மெல்லிய வாசமாக நின்றது. தைலம் தெரியவில்லை.

உவரிக்காரன்:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. மிளகோடு சேரும் என்பது எனக்கும் தெரியும், கறிவேப்பிலையோடும் சேர்த்துப் போடலாம் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. நாளைக்குச் செய்கிறேன். தேங்காய்ப்பாலும் சோம்பும் புளியும்தான் இதற்கு ஆகாதவை என்று திருத்திக்கொள்கிறேன்.

மீனைக் கேட்டு இரண்டு பேர் தனியே எழுதியிருந்தார்கள். முழு விளமீனைச் சுடும்போது வயிற்றுக்குள் ஒரு சின்னக் கொத்து, இரண்டு எலுமிச்சை வில்லை, உப்பு. பரிமாறும்போது கொத்தை எடுத்துவிட வேண்டும். மீன் குழம்பில் வேண்டவே வேண்டாம்.

அதைவிட நமக்கு நெருக்கமான ஒன்று கடலை மாவு. இத்தாலியின் ஜெனோவாவில் 'ஃபரினாட்டா' என்று ஒரு பண்டம். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் வேகவைப்பார்கள். சில கடைகளில் மேலே ரோஸ்மேரி தூவுவார்கள். முதல் தடவை சாப்பிட்டபோது அம்மா சுடுகிற கடலைமாவு தோசை ஞாபகம் வந்து, துறைமுகத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் இப்படிச் செய்கிறேன். ஒரு பங்கு மாவுக்கு எடையில் மூன்று பங்கு தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து நாலு மணி நேரம் வைத்து, மேலே கூடும் நுரையை எடுத்துவிட வேண்டும். உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய். கனமான தோசைக்கல்லில் எண்ணெய் தாராளமாக விட்டு, பொடியாக நறுக்கிய ரோஸ்மேரியை ஒரு சிட்டிகை அந்த எண்ணெயில் போட்டு உடனே மாவை ஊற்ற வேண்டும். மாவு ரோஸ்மேரியை மூடிக்கொள்வதால் கருகாது. மூடி போட்டு வெந்ததும் திருப்பி, மேலே மிளகு. கொண்டைக்கடலைச் சுண்டலுக்கும் இதே எண்ணெய் சேரும். கடுகு, பெருங்காயம், தேங்காய்ப்பூ இல்லாமல் ரோஸ்மேரி, பூண்டு, மிளகாய்வற்றல் மட்டும் தாளித்துப் பாருங்கள்.

அம்பைத் தோட்டம்:

செடி செத்துவிட்டது என்று பல பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் வெயிலால் சாவதில்லை, தண்ணீரால் சாகிறது. கரம்பை மண் ஆகவே ஆகாது. பாதி செம்மண், பாதி மணல், கொஞ்சம் மக்கிய எரு. தொட்டி அடியில் ஓட்டாஞ்சில்லு போட்டு ஓட்டை அடைக்காமல் பார்க்க வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிடுங்கள், வேர் அழுகல் அந்த இரண்டு மாதத்தில்தான் வரும். சித்திரை, வைகாசி உச்சி வெயிலுக்கு மட்டும் கொஞ்சம் நிழல். ஆனி, ஆடிக் காற்று அதற்குப் பிடிக்கும். நீலகிரி மாதிரி குளிர்ந்த மலையில் இது தானாகச் செழிக்கும், நம் சமவெளியில் இவ்வளவு கவனம் வேண்டும்.

விதை போட வேண்டாம், முளைப்பு ரொம்பக் குறைவு. ஒரு சாண் நீளத்தில் முற்றாத குச்சியை வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவி, ஈர மணலில் குத்துங்கள். பழைய கட்டையில் வெட்டினால் திரும்பத் துளிர்க்காது. எப்போதும் பச்சை இருக்கிற இடத்தில் வெட்டுங்கள்.

பாளை மாடிவீடு:

தை பிறந்துவிட்டது, சொன்னபடி எழுதுகிறேன்.

பிறந்த வீட்டிலிருந்து பொங்கல்படியோடு சிறுகிழங்கு வந்தது. வழக்கம்போலச் சாக்கில் தேய்த்துக் கழுவி, உப்புப் போட்டு வேகவைத்தேன். இது சீக்கிரம் வெந்துவிடும், ஆனால் குழையாது. தண்ணீரை நன்றாக வடித்துத் துணியில் பரப்பி ஆறவிட்டேன். ஈரம் இருந்தால் சிவக்காது. கடலை எண்ணெயில் ஒரே ஒரு கொத்து, சத்தம் அடங்கியதும் எடுத்தாயிற்று. கிழங்கைப் போட்டு மிதமான தீயில் இருபது நிமிடம். பாதியாக நறுக்காமல் முழுதாகவே விட்டேன், சின்னது பெரியது எல்லாம் கலந்து. வெளியே தோல் மாதிரி ஒரு மொறுமொறுப்பு, உள்ளே அந்த மண் வாசம். அதோடு ரோஸ்மேரி சேர்ந்தபோது வெளியிலிருந்து வந்த வாசமாகவே தெரியவில்லை. கிழங்குக்குள் இருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்த மாதிரி இருந்தது. வாத்தியார் சொன்ன சொந்தம் நாக்கில் புரிந்தது. உருளைக்கிழங்கைவிட இதில்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. பொடித்த மிளகும் கல்லுப்பும் தவிர வேறெதுவும் போடவில்லை.

மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். பாதிச் செடியைக் காணோமே என்று கேட்டாள், தட்டைக் காட்டினேன். போகும்போது விடுதிக்கு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு போனாள். அம்பைத் தோட்டம் சொன்னபடி ஆறு குச்சி நட்டதில் நாலு வேர் பிடித்திருக்கிறது. ஒன்றைப் பாவூர்சத்திரத்துக்கு அனுப்புகிறேன், அங்கே கிணற்றடியில் வைக்காமல் மேட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாத்தியாருக்கு ஒரு கேள்வி. சிறுகிழங்கு இலையையும் சமையலில் போடலாமா?

வேதியியல் வாத்தியார், சங்கரன்கோவில்:

நம் பக்கம் யாரும் சமைத்து நான் பார்த்ததில்லை. கிழங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அம்மா. இலை வாசம் வேண்டுமென்றால் கற்பூரவல்லி இருக்கிறது, பஜ்ஜி போடுங்கள்.